காற்றுத்தடை எறிபொருளின் பாதையை எப்படி மாற்றுகிறது: கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கிரிக்கெட் பந்தை வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், 45 டிகிரி சாய்வில் வீசுகிறோம். எவ்வளவு தூரம் போகும்? பாடப்புத்தகச் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் 92 மீட்டர் வருகிறது. நிஜத்தில் அந்தப் பந்து 61 மீட்டர் வாக்கிலேயே தரையைத் தொட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு தூரத்தைக் காற்று தின்றுவிடுகிறது.

எறிபொருள் கணக்குகளின் தலைப்பில் 'காற்றுத்தடையைப் புறக்கணிக்க' என்று ஒரு வரி இருக்கும். தொடக்கத்தில் அது தேவையான வரிதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், பரவளையத்தை (பாடச் சூத்திரம் தரும் சமச்சீரான வளைவை) உண்மையான பாதை என்றும் காற்றுத்தடையைச் சின்னத் திருத்தம் என்றும் மனம் பழகிவிடுகிறது. வீசிய பந்துக்கு அது சின்னத் திருத்தம் அல்ல. பாதையின் வடிவமே மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பதை யாரும் உட்கார்ந்து கணக்கிட்டுவிடலாம். வகை நுண்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் போதும். ஒரு எக்செல் தாள் இருந்தால் வேலை சுலபம்.

இதை முதலில் அளந்து காட்டியவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ். அதுவரை பீரங்கிக் கணக்குப் போட்டவர்களில் பலர், கனமான குண்டைக் காற்று என்ன செய்துவிடப் போகிறது என்றே எண்ணியிருந்தார்கள். ராபின்ஸ் ஒரு கனத்த மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு அதன்மேல் துப்பாக்கிக் குண்டைச் சுட்டார். குண்டு கட்டையில் புதைந்ததும் ஊசல் எவ்வளவு பின்னால் போகிறது என்பதிலிருந்து குண்டின் வேகம் கிடைத்தது. ஊசலைத் துப்பாக்கிக்கு அருகிலும், பிறகு தள்ளியும் வைத்துச் சுட்டபோது, இடைப்பட்ட தூரத்தில் காற்று எவ்வளவு வேகத்தைப் பறித்தது என்பதும் தெரிந்துவிட்டது. வினாடிக்கு 500 மீட்டர் அளவில் பாயும் ஈயக்குண்டின் மீது அதன் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேலான தடை! 1742இல் அவர் இதை வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில் கணிதமேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, தன் விளக்கங்களையும் சேர்த்தார்.

இனி நம் பந்துக்கு வருவோம்.

படி 1: எந்த வகைத் தடை என்று முடிவு செய்யுங்கள்

காற்று இரண்டு விதமாகத் தடுக்கிறது. ஒன்று பாகுத்தன்மையால், அதாவது காற்றின் பிசுபிசுப்பால் வருவது. அது வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். மற்றொன்று, பொருள் தன் முன்னால் இருக்கும் காற்றை ஒதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால் வருவது. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு.

எது ஓங்கி நிற்கிறது என்பதை ரெனால்ட்ஸ் எண் சொல்லும். பொருளின் வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, காற்றின் இயக்கப் பாகுநிலையால் (சுமார் 0.000015 சதுர மீட்டர்/வினாடி) வகுத்தால் அது கிடைக்கும். நம் பந்தின் விட்டம் 7.2 செ.மீ. எனவே 30 × 0.072 ÷ 0.000015 = 1,44,000. இந்த எண் ஒன்றுக்கும் கீழே இருந்தால்தான் பாகியல் தடை ஆட்சி செய்யும். மூடுபனித் துளிகளும் நுண்தூசியும் அந்த உலகத்தைச் சேர்ந்தவை. கையால் வீசும், காலால் உதைக்கும், மட்டையால் அடிக்கும் எதுவும் அங்கே வராது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல நூல்கள் தடையை வேகத்துக்கு நேர்விகிதம் என்று வைத்துக்கொண்டு அழகான விடை ஒன்றைத் தருவித்துக் காட்டும். அப்படி வைத்தால் சமன்பாடு தீரும் என்பதுதான் அதற்குக் காரணம். பந்துக்கு அது பொருந்தாது. பந்துக்கு வர்க்க விதிதான்.

படி 2: விசைகளைச் சரியாக வரையுங்கள்

பறக்கும் பந்தின் மீது இரண்டே விசைகள். ஈர்ப்பு விசை எப்போதும் கீழ்நோக்கி. காற்றுத்தடை எப்போதும் திசைவேகத்துக்கு நேர் எதிராக. ஏறும்போது தடை பின்னோக்கியும் கீழ்நோக்கியும் இழுக்கிறது, அதாவது ஈர்ப்புக்குத் துணை போகிறது. உச்சியில் முழுக்கக் கிடைத்தளமாக, பின்னோக்கி. இறங்கும்போது பின்னோக்கியும் மேல்நோக்கியும், அதாவது ஈர்ப்புக்கு எதிராக.

இந்த ஒரு படத்தை மனத்தில் நிறுத்தினால், பின்னால் வரும் எல்லா விளைவுகளும் ஆச்சரியமில்லாமல் புரியும்.

தடையின் அளவு: அரை × காற்றின் அடர்த்தி × இழுவைக் குணகம் × குறுக்குவெட்டுப் பரப்பு × வேகத்தின் வர்க்கம். தரைமட்டத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் அளவில் இருக்கும். இழுவைக் குணகம் என்பது பொருளின் வடிவத்தைப் பொறுத்துத் தடை எவ்வளவு என்று சொல்லும் எண்; பந்து வடிவத்துக்கு அது ஏறத்தாழ 0.5. நம் பந்தின் குறுக்குவெட்டு 0.0041 சதுர மீட்டர். மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் 0.00122. வேகம் 30 என்றால் தடை 0.00122 × 900 = 1.1 நியூட்டன். பந்தின் நிறை 160 கிராம், எடை 1.57 நியூட்டன். கையை விட்டுப் புறப்படும் நொடியிலேயே, எடையில் பத்தில் ஏழு பங்கு அளவுக்குக் காற்று அதைப் பின்னுக்கு இழுக்கிறது.

படி 3: எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்குங்கள்

நிறை, விட்டம், குணகம், அடர்த்தி என்று நான்கு எண்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். முற்றுத்திசைவேகம் ஒன்றே போதும். உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் கூடிக்கூடி, தடையும் எடையும் சமமாகும்போது அதற்குமேல் கூடாமல் நின்றுவிடும் அல்லவா, அந்த அளவுதான் அது. நம் பந்துக்கு 1.57 ÷ 0.00122 என்பதன் வர்க்கமூலம், அதாவது வினாடிக்கு 36 மீட்டர்.

இது தெரிந்துவிட்டால், எந்த வேகத்திலும் தடை எடையைப் போல் எத்தனை மடங்கு என்று மனக்கணக்காகவே சொல்லலாம். வேகத்தை முற்றுத்திசைவேகத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தினால் அதுதான் விடை.

ஆண்கள் போட்டியின் குண்டெறிதல் குண்டு 7.26 கிலோ. அதன் முற்றுத்திசைவேகம் 145 மீ/வி அருகே. வீசும் வேகம் 14 மீ/வி. பத்தில் ஒரு பங்கு, வர்க்கப்படுத்தினால் நூறில் ஒரு பங்கு. இங்கே 'காற்றுத்தடையைப் புறக்கணிக்க' என்பது நேர்மையான வரி. மேசைப்பந்தாட்டப் பந்துக்கு அது 9 மீ/வி மட்டுமே. இறகுப்பந்துக்கு இன்னும் குறைவு, 6.8 அளவில். 68 மீ/வி வேகத்தில் ஓங்கி அடித்த இறகுப்பந்தை, அந்தக் கணத்தில், அதன் எடையைப் போல் நூறு மடங்கு விசை தடுக்கிறது. ராபின்ஸின் ஈயக்குண்டுக்கும் இறகுப்பந்துக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆகவே எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்னும் இந்த விகிதத்தைப் பாருங்கள். வீசும் வேகம் முற்றுத்திசைவேகத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பரவளையமே போதும். பாதியை நெருங்கினால் கீழே உள்ள முறை வேண்டும்.

படி 4: கூறுகளாகப் பிரிக்கும்போது கவனம்

தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

வெற்றிடத்தில் கிடைத்தள இயக்கமும் செங்குத்து இயக்கமும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. கலிலியோ தந்த பெரிய வெளிச்சம் அது. அந்தப் பழக்கத்தில், தடையையும் தனித்தனியாக எழுதிவிடத் தோன்றும்: கிடைத்தளத் தடைக்குக் கிடைத்தள வேகத்தின் வர்க்கம், செங்குத்துத் தடைக்குச் செங்குத்து வேகத்தின் வர்க்கம். இது தவறு.

எண்களில் பார்த்தால் தெளியும். ஈர்ப்பு முடுக்கமான 9.8ஐ முற்றுத்திசைவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால், நம் பந்துக்கு 9.8 ÷ (36 × 36) = 0.0076. தடையால் வரும் முடுக்கம் = 0.0076 × வேகத்தின் வர்க்கம். புறப்படும்போது வேகம் 30. அதன் இரண்டு கூறுகளும், அதாவது கிடைத்தளப் பகுதியும் செங்குத்துப் பகுதியும், 21.21. மொத்தத் தடைமுடுக்கம் 0.0076 × 900 = 6.84. அதை 45 டிகிரியில் பிரித்தால் ஒவ்வொரு திசையிலும் 4.84. தவறான வழியில் போட்டால் 0.0076 × 21.21 × 21.21 = 3.42. கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு.

சரியான விதி: கிடைத்தளத் தடைமுடுக்கம் = 0.0076 × மொத்த வேகம் × கிடைத்தளக் கூறு. செங்குத்துக்கும் அப்படியே, 0.0076 × மொத்த வேகம் × செங்குத்துக் கூறு. இரண்டிலும் மொத்த வேகம் நுழைந்துவிட்டது. எனவே பந்து மேலே ஏறும் வேகம் கூடினால் முன்னோக்கிய இயக்கத்தின் மீதான தடையும் கூடுகிறது. இரண்டு இயக்கங்களும் முடிச்சுப் போட்டுக்கொண்டன. பரவளையத்தைப் போல எளிய சூத்திரம் ஒன்று இங்கே கிடைக்காமல் போவதற்கு இந்த முடிச்சே காரணம். அதனால் சிறு சிறு நேரத்துண்டுகளாக நடந்து போகிறோம்.

படி 5: துண்டு துண்டாக நடத்துங்கள்

எக்செல் தாளில் நேரம், தூரம், உயரம், கிடைத்தள வேகம், செங்குத்து வேகம், மொத்த வேகம், இரண்டு முடுக்கங்கள் என எட்டு பத்திகள் வையுங்கள். முறை புரிவதற்காக 0.1 வினாடித் துண்டில் முதல் இரண்டு வரிகளைக் கையால் போட்டுக் காட்டுகிறேன்.

முதல் வரி. மொத்த வேகம் 30. கிடைத்தள முடுக்கம் −4.84. செங்குத்து முடுக்கம் −9.8 − 4.84 = −14.64. அடுத்த 0.1 வினாடியில் தூரம் 2.12 மீட்டர், உயரம் 2.12 மீட்டர். கிடைத்தள வேகம் 21.21 − 0.48 = 20.73. செங்குத்து வேகம் 21.21 − 1.46 = 19.75.

இரண்டாம் வரி. மொத்த வேகம், இரண்டு கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், 28.63. கிடைத்தள முடுக்கம் −0.0076 × 28.63 × 20.73 = −4.51. செங்குத்து முடுக்கம் −9.8 − 0.0076 × 28.63 × 19.75 = −14.10. புதிய தூரம் 4.19, உயரம் 4.10. புதிய வேகங்கள் 20.28, 18.34.

இவ்வளவுதான். உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போகும்வரை இதே சூத்திரத்தைக் கீழே இழுத்துக்கொண்டே போங்கள். பந்து இறங்கத் தொடங்கியதும் செங்குத்து வேகம் எதிர்க்குறியாகும். தடையின் குறியும் தானாகவே மேல்நோக்கி மாறும். தனியாக எதையும் திருத்த வேண்டாம். கூறுகளை வர்க்கப்படுத்தும் தவறான முறையில் குறி மாறாது. இறங்கும் பந்தைக் காற்று கீழே தள்ளுவதாக விடை வந்தால், தவறு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்.

0.1 வினாடி கரடுமுரடான துண்டு. உண்மையான கணக்குக்கு 0.01 வையுங்கள், நானூறு வரிகளுக்குள் முடிந்துவிடும்.

படி 6: தாளை நம்பும் முன் சோதியுங்கள்

0.0076க்குப் பதில் பூஜ்யம் போடுங்கள். 91.8 மீட்டரும் 23 மீட்டர் உயரமும் வர வேண்டும். நேரத்துண்டைப் பாதியாக்குங்கள், விடை அசையக்கூடாது, அசைந்தால் இன்னும் பொடியாக்க வேண்டும். கடைசியாக, பந்தை மிக உயரத்திலிருந்து சும்மா விழவிடுங்கள்; வேகம் 36இல் போய் நிற்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறாத தாளிலிருந்து எந்த முடிவையும் எடுக்காதீர்கள்.

படி 7: விடையை வாசியுங்கள்

நம் பந்துக்குக் கிடைப்பவை இவை. அடைப்புக்குறிக்குள் இருப்பது வெற்றிடத்தில் வரும் விடை.

கிடைத்தள நெடுக்கம் 61 மீட்டர் (92)
பெரும உயரம் 18 மீட்டர் (23)
பறக்கும் நேரம் 3.84 வினாடி (4.33)
தரையைத் தொடும் வேகம் 21 மீ/வி (30)
தரையைத் தொடும் கோணம் 55 டிகிரி (45)

உயரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, நெடுக்கமோ மூன்றில் ஒரு பங்கு. ஏன் இந்த ஓரவஞ்சனை? செங்குத்து வேகத்தை ஈர்ப்பு மறுபடி கட்டித் தருகிறது. கிடைத்தள வேகத்தைத் திருப்பித் தர யாருமில்லை. 21.21இல் தொடங்கிய அது, உச்சியில் 16க்குக் கீழே வந்து, தரையைத் தொடும்போது 12ஆகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் பந்து கடைசியில் செங்குத்தாகச் சரிந்து விழுவதுபோலத் தெரிகிறது. எல்லைக்கோட்டருகே உயரப் பந்தைப் பிடித்துப் பழகியவர்களுக்கு இது கண்ணளவில் தெரிந்த விஷயம்தான்.

பாதையின் சமச்சீரும் போய்விட்டது. உச்சியை அடைய 1.83 வினாடி, இறங்க 2.01 வினாடி. ஏறும்போது 33 மீட்டர் கடந்த பந்து இறங்கும்போது 28 மீட்டரே கடக்கிறது. ஏறும் பாதையின் ஒவ்வொரு உயரத்திலும் இருந்த வேகத்தைவிட, அதே உயரத்தில் இறங்கும் வேகம் குறைவு. இடையில் காற்று ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டது. ஆகவே அதே உயரத்தை இறங்கிக் கடக்க நேரம் கூடத்தான் வேண்டும்.

தாளில் மொத்த வேகம் உள்ள பத்தியை மேலிருந்து கீழாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பந்தின் வேகம் மிகக் குறைவாக இருப்பது உச்சியில் இல்லை! உச்சி 1.83 வினாடியில், மிகக் குறைந்த வேகமான 15.5 மீ/வி அதற்குச் சற்றுப் பிறகு, 2.1 வினாடியைத் தாண்டி வருகிறது. படி 2இன் படத்துக்குத் திரும்பினால் காரணம் தெரியும். உச்சியில் ஈர்ப்பு, இயக்கத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. காற்று மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. எனவே உச்சியைக் கடக்கும்போதும் வேகம் குறைந்துகொண்டுதான் இருக்கும். பந்து போதுமான அளவு தலைகுனிந்த பிறகுதான் ஈர்ப்பின் கை ஓங்கும்.

படி 8: கோணத்தை மாற்றிப் பாருங்கள்

45 டிகிரிதான் அதிக தூரம் போகும் என்பது வெற்றிடத்தின் சட்டம். தாளில் 40 டிகிரி போடுங்கள். 61.4 மீட்டர் வருகிறது, 45க்கு 61.2. உண்மையான உச்சம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. தாழ்வாக வீசினால் காற்றில் இருக்கும் நேரம் குறைகிறது, கிடைத்தள வேகத்தை இழக்கும் காலமும் குறைகிறது.

தூரத்தில் பெரிய லாபமில்லையே என்று தோன்றும். பறக்கும் நேரத்தைப் பாருங்கள். 45 டிகிரியில் 3.84 வினாடி, 40 டிகிரியில் 3.51. அதே இடத்துக்குப் பந்து மூன்றில் ஒரு வினாடி முன்னதாகவே வந்து சேர்கிறது. ஓட்டமெடுப்பவரை வீழ்த்த எல்லையிலிருந்து எறிபவருக்கு அது பெரிய சொத்து. நல்ல தடுப்பாளர்கள் தாழ்வாக எறிவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

காற்று லேசாகும் உயரத்துக்கே போகும் எறிபொருளுக்கு இந்த விதி தலைகீழாகும். 1918இல் ஜெர்மானியப் படை சுமார் 120 கி.மீ. தொலைவிலிருந்து பாரீஸ் நகரத்தின் மீது சுட்ட நெடுந்தூரப் பீரங்கி, 45 டிகிரியைவிடச் செங்குத்தாகவே நிமிர்த்தப்பட்டது. அடர்ந்த காற்றைச் சீக்கிரம் துளைத்துக்கொண்டு வெளியேறினால், குண்டு சுமார் 40 கி.மீ. உயரத்தில், காற்று கிட்டத்தட்ட இல்லாத வெளியில், தடையின்றிப் பயணிக்கும். அப்படிப்பட்ட கணக்கு வேண்டுமானால், தாளில் அடர்த்தியை உயரத்துக்கேற்ப ஒவ்வொரு வரியிலும் மாற்ற வேண்டும். அதற்குமேல் மாற்றம் எதுவுமில்லை.

படி 9: குணகம் மாறும் இடங்கள்

0.5 என்று நாம் வைத்த இழுவைக் குணகம் எப்போதும் அப்படியே இருக்காது. 1912இல், ஐஃபெல் கோபுரத்தால் பெயர்பெற்ற பொறியாளர் குஸ்தாவ் ஐஃபெல் தன் காற்றுச் சுரங்கத்தில் வழவழப்பான கோளங்களைச் சோதித்தபோது, ஒரு வேகத்தைத் தாண்டியதும் குணகம் திடீரெனச் சரிவதைக் கண்டார். ரெனால்ட்ஸ் எண் மூன்று லட்சம் அருகே இது நடக்கிறது. கோளத்தை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு கொந்தளிப்பாகிறது. அதனால் மேற்பரப்பை நெடுநேரம் ஒட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கம் பிரிகிறது. வால்போல் இழுபடும் சுழல் ஒடுங்குகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் பிராண்டல் ஒரு கோளத்தில் மெல்லிய கம்பி வளையத்தை மாட்டி, இந்தக் கொந்தளிப்பை முன்கூட்டியே தூண்டி, தடை குறைவதைக் காட்டினார். மேற்பரப்பில் தடங்கல் வைத்தால் தடை குறைகிறது! கோல்ஃப் பந்தின் குழிகள் செய்வதும் இதையேதான்.

ஒலியின் வேகத்தை நெருங்கும்போது குணகம் எதிர்ப்பக்கமாக, செங்குத்தாக ஏறும். துப்பாக்கிக் குண்டுக்குக் கணக்கிடுபவர்கள் ஒவ்வொரு வேகத்துக்கும் உரிய குணகத்தைப் பட்டியலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்று வீசினால், மொத்த வேகத்தைத் தரையை வைத்துக் கணக்கிடாமல் காற்றை வைத்துக் கணக்கிடுங்கள்: கிடைத்தள வேகத்திலிருந்து காற்றின் வேகத்தைக் கழித்து, தடைக்கான சூத்திரத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். சுழலும் பந்துக்குப் பக்கவாட்டு விசை ஒன்று சேரும். அது தனி அத்தியாயம்.

படி 10: உங்கள் பந்தை நீங்களே அளங்கள்

குணகத்தை யாரோ சொன்னார்கள் என்று ஏற்க வேண்டியதில்லை. ஒரு மேசைப்பந்தாட்டப் பந்தை (2.7 கிராம், 40 மி.மீ.) 10 மீட்டர் உயரத்திலிருந்து, காற்றசைவு இல்லாத கூடத்தில் விழவிட்டு, வினாடிக்கு 30 படம் எடுக்கும் கைபேசியால் பதிவு செய்யுங்கள். காற்றில்லாவிட்டால் 1.43 வினாடியில், 14 மீ/வி வேகத்தில் தரையைத் தொடும். முற்றுத்திசைவேகம் 8.8 என்று தாளில் போட்டால் 1.74 வினாடி, 8.4 மீ/வி வருகிறது. இரண்டுக்கும் இடையே ஒன்பது படங்கள் வித்தியாசம், கண்ணால் எண்ணிவிடலாம். பத்து முறை விழவிட்டுச் சராசரி எடுங்கள். தாளில் முற்றுத்திசைவேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நேரம் உங்கள் சராசரியோடு ஒத்துப்போகும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அதே பந்தைச் சாய்வாக வீசி, எங்கே விழும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு தரையில் டேப் வைத்து அளந்து பாருங்கள்.